மறக்கப்பட்ட அமானுஷ்யக் கதாசிரியருக்கு ஒரு செம்பதிப்பு: ஹோப் ஹாட்ஜ்சனை முன்வைத்து ஒரு வழிகாட்டி

வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் 1877இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். பதின்ம வயதிலேயே கப்பலேறினார். கரைக்குத் திரும்பியபின் உடற்பயிற்சிக்கூடம் நடத்தினார், பிறகு எழுத வந்தார். 1907 முதல் 1912க்குள் நான்கு நாவல்கள், பேய் துப்பறியும் கார்னாக்கியின் கதைகள், ஏராளமான கடல் கதைகள். 1918 ஏப்ரலில் பெல்ஜியப் போர்முனையில் குண்டு விழுந்து இறந்தபோது வயது நாற்பது. அதன்பின் அவர் பெயர் ஏறக்குறைய மறைந்தே போனது. 1930களில் அமெரிக்க அமானுஷ்ய எழுத்தாளர் லவ்கிராஃப்ட் தன் கட்டுரையில் அவரைப் பற்றி எழுதிச் சேர்த்த பிறகும், 1946இல் அமெரிக்காவின் ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகம் நான்கு நாவல்களையும் ஒரே தொகுதியாக வெளியிட்ட பிறகும்தான் வாசகர்கள் மறுபடி தேடி வந்தார்கள்.

இப்படிப்பட்ட ஒருவருக்குச் செம்பதிப்பு கொண்டுவர ஆசைப்படும் புதியவர்களுக்காக இது. ஹாட்ஜ்சனை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறோம். வேறு எந்த அமானுஷ்ய எழுத்தாளருக்கும் வேலையின் வரிசை இதுதான். தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். செம்பதிப்பு என்பது நல்ல அட்டையும் நீண்ட முன்னுரையும் அல்ல. எந்த அச்சுப் பிரதியிலிருந்து பாடத்தை (மூல வாசகத்தை) எடுத்தோம், அதில் எந்த எழுத்தை ஏன் மாற்றினோம் என்பதற்கு வரிக்கு வரி கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாதது மறுபதிப்பு.

எல்லையைச் சுருக்குங்கள்

முழுத் தொகுப்பில் கை வைக்காதீர்கள். ஹாட்ஜ்சனின் புனைவுகள் ஏற்கெனவே 2003க்கும் 2009க்கும் இடையில் அமெரிக்காவில் ஐந்து தொகுதிகளாக வந்திருக்கின்றன. அதே பரப்பை மறுபடி உழுவதைவிட ஒரு நாவலையோ ஒரு கதை வரிசையையோ எடுத்து ஆழமாகச் செய்வது பயன் தரும். 'தி நைட் லேண்ட்' நாவல் ஒன்றே சுமார் இரண்டு லட்சம் சொற்கள். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். கார்னாக்கி கதைகள் நல்ல அளவு. இதழில் வந்த பாடமும் நூலில் வந்த பாடமும் இரண்டும் கிடைக்கும், சிக்கல்களும் போதிய அளவுக்கு உண்டு.

எந்தெந்தக் கதைகள் என்பதும் வரிசையும்கூடத் தீர்மானமே. 1910இல் 'தி ஐட்லர்' இதழில் ஐந்து கதைகள் வந்தன. 'தி திங் இன்விசிபிள்' 1912இல் வேறோர் இதழில் வந்தது. 1913இல் நூலானபோது கடைசியாக அச்சான அந்தக் கதை முதலிடத்துக்கு வந்துவிட்டது. 1947இல் மேலும் மூன்று கதைகள் சேர்ந்து ஒன்பதாயின. ஆசிரியர் உயிரோடிருந்தபோது வந்த நூலின் வரிசையா, இதழில் வந்த வரிசையா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. நாங்கள் 1913 வரிசையின் பக்கம். பின்னால் சேர்ந்த மூன்றையும் தனிப் பகுதியாக வைப்போம். எதைத் தேர்ந்தாலும் பதிப்புரையில் காரணம் சொல்லுங்கள்.

உரிமையை முதலிலேயே பாருங்கள்

உழைத்து முடித்தபின் உரிமைச் சிக்கலில் மாட்டுவது கொடுமை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள், பிரிட்டனில் 70. 1918இல் இறந்தவர் என்பதால் அவர் வாழ்நாளில் வெளியான எல்லாமே இரண்டு நாட்டிலும் பொதுவுடைமை, அதாவது யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அமெரிக்காவில் கணக்கு வேறு: அந்தக் காலத்து நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள்.

ஆசிரியர் இறந்தபின் வெளியானவைதான் கண்ணி. 'தி ஹாக்' என்ற கார்னாக்கி கதை 'வியர்ட் டேல்ஸ்' இதழில் 1947 ஜனவரியில்தான் அச்சானது. இந்தியாவில் அப்படிப்பட்டதற்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள். அது 2007 இறுதியில் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் அந்தக் காலத்து வெளியீடுகளுக்கு 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமை போய்விடும். ஆகவே 1974, 1975ஆம் ஆண்டுகளின் புதுப்பித்தல் பதிவேடுகளைத் தேடுங்கள். இதழின் பெயர், கதையின் பெயர், ஆசிரியர் பெயர் மூன்றிலும் தேடுங்கள். ஒன்றில் மட்டும் தேடி 'இல்லை' என்று முடிவெடுப்பது வழக்கமான தவறு.

அதைவிட ஆபத்தானவை அச்சாகாத கடிதங்கள். பிரிட்டனில் ஆசிரியர் எப்போதோ இறந்திருந்தாலும், 1989 ஆகஸ்ட்வரை அச்சேறாமல் கிடந்த எழுத்துக்கு 2039 இறுதிவரை உரிமை உண்டு. பழைய கடிதம்தானே என்று பின்னிணைப்பில் சேர்த்துவிடாதீர்கள். வாரிசின் அனுமதி கடிதமாகக் கையில் இருக்க வேண்டும். இன்னொன்று: கதை பொதுவுடைமையானாலும், வேறொரு பதிப்பாளர் அண்மையில் கோத்த பக்க அமைப்புக்குப் பிரிட்டனில் 25 ஆண்டு உரிமை தனியாக உண்டு. அவர்களுடைய குறிப்புகளும் முன்னுரையும் அவர்களுடையவைதான்.

பிரதிகளைத் திரட்டுதல்

ஒவ்வொரு கதைக்கும் ஒரு தாள் போடுங்கள். ஆசிரியர் காலத்தில் எங்கெங்கு அச்சானது, எந்த மாதம், எந்தப் பக்கங்கள், எந்த நூலகத்தில் பிரதி உள்ளது. இணைய ஆர்க்கைவ், ஹாத்திட்ரஸ்ட் என்ற மின்னூலகங்கள் இரண்டிலும் முதலில் பாருங்கள். கிடைக்காததை பிரிட்டிஷ் நூலகத்திடமோ பிரிட்டன், அயர்லாந்தின் மற்ற ஐந்து சட்டவைப்பு நூலகங்களிடமோ (வெளியாகும் நூல்களின் படியைச் சட்டப்படி பெறும் நூலகங்கள்) கேட்டு, கட்டணம் செலுத்திப் படமெடுத்து வாங்கலாம். இதழ்களை ஆண்டுத் தொகுதியாகக் கட்டும்போது மேலட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிடுவது அக்கால வழக்கம். அதனால் கட்டுத் தொகுதியை மட்டும் பார்த்து மாதத்தை ஊகிக்காதீர்கள்.

தலைப்பு மாறிய கதைகளில் கவனம் வேண்டும். சர்காசோ கடலில் சிக்கிய 'ஹோம்பேர்ட்' கப்பலின் இரண்டாம் கதை 1907இல் அமெரிக்காவில் ஒரு தலைப்பிலும், 1911இல் லண்டனில் வேறொரு தலைப்பிலும் வந்தது. பட்டியலை மட்டும் நம்பினால் ஒரே கதையை இரண்டாக எண்ணிவிடுவீர்கள்.

எந்தப் பிரதியை அடிப்படையாகக் கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துக்கோப்பு வேண்டவே வேண்டாம். அது எந்த அச்சிலிருந்து வந்தது, யார் எதைத் திருத்தினார்கள் என்று தெரியாது. பிற்காலத்துப் பேப்பர்பேக்கும் வேண்டாம். 'தி நைட் லேண்ட்' 1972இல் இரண்டு பாகங்களாக வந்த பேப்பர்பேக்கில் பதிப்பாசிரியர் லின் கார்ட்டர் சுருக்கிய பாடமே இருக்கிறது. அதை முழு நாவல் என்று எண்ணிப் படித்தவர்கள் ஏராளம்.

பாடத்தைத் தட்டெழுதுதல்

படத்தின் தெளிவு 400 டிபிஐக்குக் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) குறையாமல் இருக்கட்டும். இரண்டு பத்தி அமைப்பில் சின்ன எழுத்தில் அச்சான இதழ் என்றால் 600. படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள் வேகமாக வேலை செய்யும், ஆனால் 'ஆர்', 'என்' என்ற இரு ஆங்கில எழுத்தையும் ஒட்டி 'எம்' ஆக்கிவிடும். ஹெச்சைப் பி ஆக்கும். அப்படிப் பிறக்கும் தவறான சொல்லும் அகராதியில் உள்ள சொல்லாகவே இருப்பதால் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் அதைப் பிடிக்காது. சாய்வெழுத்தும் காணாமல் போகும். கப்பல் பெயர்களும் அழுத்திச் சொன்ன சொற்களும் அதோடு போய்விடும்.

நம்பகமான வழி, ஒரே கதையை இருவர் தனித்தனியே உருவாக்குவது. ஒருவர் ஓசிஆர் கோப்பைத் திருத்தட்டும், மற்றவர் படத்தைப் பார்த்துப் புதிதாகத் தட்டெழுதட்டும். இரண்டையும் கணினியில் ஒப்பிட்டால் வேறுபடும் இடங்கள் எல்லாம் கண்ணில் படும். இருவரும் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்வது அரிது.

ஹாட்ஜ்சனுக்கே உரிய சில பொறிகள் உண்டு. கார்னாக்கி கதைகளில் வரும் கற்பனைச் சடங்கின் பெயரில் ஏ எழுத்து அடுத்தடுத்து மூன்றாக இரண்டு முறை வரும். மென்பொருளும் தட்டெழுதுபவரும் அதைச் சுருக்கிவிடுவார்கள், எண்ணிப் பாருங்கள். மாலுமிகளின் பேச்சில் சொல்லின் முதலெழுத்து விழுங்கப்பட்ட இடத்தில் மேற்கொற்றுக் குறி (அபாஸ்ட்ரஃபி) இருக்கும். கோப்பை வேர்டிலோ, பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனிலோ இட்டதும் அந்தக் குறி தானாகத் திறப்பு மேற்கோளாகத் திரும்பிக்கொள்ளும். ஒரு நாவலில் நூற்றுக்கணக்கில் வரும். தானியங்கி மாற்றத்தை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

வரி முடிவில் உடைந்த சொற்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். 'டுநைட்' (இன்றிரவு) என்ற ஆங்கிலச் சொல்லை அக்காலத்தில் நடுவே கோடிட்டு எழுதினார்கள். அது வரி முடிவில் உடைந்திருந்தால், கோடு ஆசிரியருடையதா அச்சுக்கோப்பவருடையதா என்று அந்த இடத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதே பிரதியில் வரி நடுவே அந்தச் சொல் எப்படி வருகிறது என்று தேடித்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒப்புநோக்குதலும் தீர்மானமும்

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் (பிரதிக்குப் பிரதி மாறும் வாசகம்) குறித்துவைத்த உ.வே.சா. போன்றோரின் வேலையை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தப் பகுதி அந்நியமாக இருக்காது. ஓலைக்குப் பதில் இங்கே இதழும் நூலும்.

'ஃப்ரம் தி டைட்லெஸ் ஸீ' கதையை எடுத்துக்கொள்வோம். 1906இல் அமெரிக்க இதழ், 1907இல் லண்டன் இதழ், 1914இல் நூல் என்று மூன்று அச்சுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு கொடுங்கள்: அ, ல, நூ. ஒரு விரிதாளில் பத்தி எண், அடிப்படைப் பாடம், மாற்றுப் பாடம், எந்தப் பிரதி, என்ன வகை மாற்றம், நம் தீர்மானம், காரணம் என ஏழு கட்டங்கள். கொலேட்எக்ஸ் போன்ற இலவச மென்பொருள் வேறுபாடுகளைக் காட்டும். வகைப்படுத்துவதும் தீர்ப்பதும் நீங்கள்தான்.

பக்கம், வரி எண்ணை இப்போது பயன்படுத்தாதீர்கள். பக்க அமைப்பு மாறும்போதெல்லாம் எண் மாறி முழுப் பட்டியலும் பாழாகும். கடைசி மெய்ப்பு (அச்சுக்கு முந்தைய பிழைதிருத்தம்) முடியும்வரை பத்தி எண்ணே போதும்.

அடுத்து, எதை அடிப்படையாக வைப்பது? ஆங்கிலப் பதிப்பியலில் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் 1950 வாக்கில் ஒரு நெறி சொன்னார். எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி போன்றவற்றுக்கு ஆசிரியரின் கைக்கு மிக அருகிலுள்ள முதல் பிரதியைப் பின்பற்றுங்கள்; சொல்லும் வாக்கியமும் மாறியிருந்து, மாற்றியவர் ஆசிரியர்தான் என்று காட்ட முடிந்தால் பின்வந்த பாடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். நல்ல நெறி. ஆனால் இந்தக் கதைக்கு அப்படியே பொருந்தாது. முதல் பிரதி அமெரிக்க இதழ். அமெரிக்க இதழ்கள் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைத் தங்கள் முறைக்கு மாற்றித்தான் அச்சிடும். அதாவது காலத்தால் முந்தியதே எழுத்துக்கூட்டலில் ஆசிரியரைவிட்டு விலகி நிற்கக்கூடும். கையெழுத்துப் பிரதி கிடைக்காத நிலையில், ஆசிரியர் வாழ்நாளில் லண்டனில் வந்த 1914 நூலை அடிப்படையாக வைத்து, மற்ற இரண்டின் வேறுபாடுகளையும் முழுதாகப் பதிவது சரியென்று நினைக்கிறோம்.

ஒரு மாற்றம் ஆசிரியருடையதா, இதழ் ஆசிரியருடையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சில தடயங்கள் உண்டு. பக்கம் முடியும் இடத்துக்கு அருகே இரண்டு வாக்கியம் காணாமல் போயிருந்தால் அது இடத்துக்காக வெட்டியது. நீண்ட பத்திகள் எல்லாம் ஒரே சீராக உடைந்திருந்தால் அது இதழின் பாணி. சாமி பெயரை வைத்துத் திட்டுவது நீங்கியிருந்தால் பெரும்பாலும் இதழாசிரியரின் பேனா. ஆனால் பாயை இழுக்கும் கயிற்றின் பெயர் தவறாக இருந்து சரியான பெயருக்கு மாறியிருந்தால், கப்பல் தெரிந்த கை அது. ஹாட்ஜ்சன் பாய்மரக் கப்பலில் வேலை பார்த்தவர். இதழ் அலுவலகத்தில் அந்த வித்தியாசம் தெரிந்தவர் இருப்பது கடினம். இப்படி ஒரே ஒரு கயிறு ஒரு பிரதியின் தரத்தையே நிறுவிவிடும்.

இதழாசிரியரின் கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தெளிந்த சான்று லவ்கிராஃப்டின் அண்டார்டிகா குறுநாவல். 1936இல் 'அஸ்டவுண்டிங்' இதழ் அதன் பத்திகளை உடைத்து, கடைசிப் பகுதியில் நிறைய வெட்டியது. ஆசிரியர் தன் பிரதியில் கையாலேயே திருத்தம் குறித்துவைத்தார். புனேயில் பிறந்த ஆய்வாளர் எஸ். டி. ஜோஷி தட்டச்சுப் பிரதியை வைத்துத் திருத்திய பாடம் 1985இல் வரும்வரை வாசகர்கள் சிதைந்த பாடத்தையே படித்துவந்தார்கள்.

திருத்தக் கூடாத பிழைகள்

அமானுஷ்யப் புனைவில் இது தனி அத்தியாயம். 'தி நைட் லேண்ட்' வேண்டுமென்றே வளைந்த பழைய நடையில் எழுதப்பட்டது. வினைமுற்று இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. இலக்கணப் பிழை என்று நினைத்து ஒரு வாக்கியத்தைச் சரிசெய்தால் அடுத்த ஆயிரத்தையும் சரிசெய்ய வேண்டிவரும்.

'தி ஹவுஸ் ஆன் தி பார்டர்லேண்ட்' இன்னும் நுட்பமானது. அயர்லாந்தின் மேற்கே ஓர் இடிபாட்டில் 1877இல் கிடைத்த கையெழுத்துப் படி என்பது அதன் பாவனை. ஹாட்ஜ்சன் தன்னையே அதன் பதிப்பாசிரியர் என்று சொல்லி முன்னுரை எழுதி, நடுநடுவே 'பதிப்பாசிரியர்' என்று முடியும் அடிக்குறிப்புகளும் போட்டிருக்கிறார். பதினான்காம் அத்தியாயத்தில் தாள்கள் சேதமானதால் படிக்க முடிந்த துண்டுகள் மட்டும் என்று, புள்ளிகளால் பிரிந்த சிதறல் வரிகளாக வரும். அந்தப் பக்கங்களில் புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அச்சிட்டிருக்கிறார்கள். இன்றைய மென்பொருள் அந்த மூன்று புள்ளியையும் ஒரே குறியாக இறுக்கிவிடும். துண்டு வாக்கியங்களின் சிறிய முதலெழுத்தைப் பெரிதாக்கும். இரண்டு மாற்றமும் சேர்ந்தால் கிழிந்த தாள் என்ற உணர்வே போய், சாதாரணப் பத்தியாகிவிடும். இந்த அத்தியாயத்தைத் தனிக் கோப்பாக வைத்துக் கையாலேயே அச்சுக்கோத்துவிடுங்கள்.

அங்கே உங்கள் குறிப்புகளும் ஆசிரியரின் போலிக் குறிப்புகளும் கலந்துவிடக் கூடாது. அவருடையவற்றுக்கு அசலில் உள்ளபடி பக்க அடியில் இடம். உங்களுடையவை நூலின் கடைசியில், பக்க எண்ணையும் சொல்லையும் சுட்டி. கதைக்குள் எண்ணே போடாமல் விடுவது எங்கள் உறுதியான பரிந்துரை. கதவுக்கு வெளியே ஏதோ மூச்சுவிடும் நேரத்தில் '47' என்று ஒரு சிற்றெண் குறுக்கிட்டால் அந்தப் பயம் கலைந்துவிடும். அந்தப் பயத்தைக் காப்பாற்றத்தானே இத்தனை பாடும்.

குறிப்புகள், முன்னுரை

அகராதியில் எளிதாகக் கிடைப்பதற்குக் குறிப்பு வேண்டாம். கப்பலின் பாய், கயிறு, தள அமைப்புக்குக் குறிப்பும் ஒரு படமும் கட்டாயம் வேண்டும். 'தி கோஸ்ட் பைரட்ஸ்' நாவலில் யார் எந்த உயரத்தில் நிற்கிறார் என்று தெரியாவிட்டால் பாதி கதை புரியாது. கார்னாக்கி மேற்கோள் காட்டும் சிக்சண்ட் கையெழுத்துப் படி கற்பனை. அதை நூலகப் பட்டியல்களில் தேடி நாளை வீணாக்காதீர்கள், கற்பனை என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.

வாழ்க்கைக் குறிப்பில் முரண்களை மறைக்காதீர்கள். ஹாட்ஜ்சன் இறந்த நாள் சில நூல்களில் ஏப்ரல் 17, சிலவற்றில் 19. லண்டன் க்யூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. பார்த்து எழுதுங்கள், இல்லையேல் இரண்டு நாளையும் குறியுங்கள். நாவல்கள் வெளியான வரிசையும் எழுதப்பட்ட வரிசையும் தலைகீழ் என்று ஆய்வாளர் சாம் கேஃபோர்டு கடிதங்களைக் கொண்டு வாதிட்டார். அதைச் சொல்லாமல் 'படிப்படியாக வளர்ந்த எழுத்தாளர்' என்று முன்னுரை எழுதினால் அடித்தளமே ஆட்டம் காணும். கதை முடிவைச் சொல்லும் ஆய்வுப் பகுதியைப் பின்னுரையாக வையுங்கள்.

மெய்ப்பும் அச்சும்

மெய்ப்பு மூன்று சுற்று. முதல் சுற்று இருவராக: ஒருவர் அசல் படத்தைப் பார்த்து நிறுத்தக்குறி, பெரிய எழுத்து, சாய்வெழுத்து எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் மெய்ப்பைப் பார்ப்பார். 300 சொல் உள்ள பக்கத்துக்கு நான்கு நிமிடமாவது ஆகும். மணிக்குப் பதினைந்து பக்கத்தைத் தாண்டினால் கண் ஓடுகிறது என்று பொருள். 45 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். இரண்டாம் சுற்று, கதையை அறியாத ஒருவர் தனியாகப் படிப்பது. மூன்றாவது சுற்றில் பாடபேதப் பட்டியலின் ஒவ்வொரு பதிவையும் பக்கத்தோடு சரிபார்த்து, பத்தி எண்ணைப் பக்கம்–வரி எண்ணாக மாற்றுங்கள். அதற்குப்பின் பாடத்தில் ஒரு காற்புள்ளியைத் தொட்டாலும் வரி நகர்ந்து எண்கள் பிசகும்.

பக்கக் கணக்கு: 90,000 சொல் பாடம், பக்கத்துக்கு 350 சொல் என்றால் சுமார் 258 பக்கம். முன்பக்கங்களும் பதிப்புரையும் 20, குறிப்புகள் 30, பாடபேதம் 25. கூட்டினால் 333. அச்சகம் 16 பக்கப் பாரமாக (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்கள்) ஓட்டும் என்பதால் 21 பாரம், 336 பக்கம். டெமி அளவு, 80 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட் தாள், நூல் தைத்த கட்டு. பாடபேதப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டுவார்கள், வெறும் பசைக் கட்டு தாங்காது. முதுகின் தடிமனை நீங்களே ஊகிக்காமல் அச்சகம் அதே தாளில் செய்து தரும் வெற்று மாதிரியை அளந்தபின் அட்டையை முடியுங்கள்.

நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் கட்டணமின்றிக் கிடைக்கும். கையில் வந்தபின் அச்சுக்கு அனுப்புங்கள். வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்குப் படி அனுப்புவது சட்டக் கடமை. பிரிட்டனில் வெளியிட்டால் ஒரு மாதத்துக்குள் பிரிட்டிஷ் நூலகத்துக்கு ஒரு படி.

நூல் வந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒரு பிழையைக் கண்டுபிடிப்பார்கள். அதற்கென ஒரு கோப்பு திறந்து, பக்கம், வரி, பிழை, திருத்தம், எந்த அச்சுப் பிரதியால் உறுதியானது, சொன்னவர் யார் என்று பதியுங்கள். பொருளை மாற்றும் பிழை என்றால் திருத்தச் சீட்டு அச்சடித்து, மீதமுள்ள படிகளில் செருகுங்கள். மற்றவை இரண்டாம் அச்சுக்குக் காத்திருக்கலாம். அப்போது உரிமைப் பக்கத்தில் 'திருத்திய இரண்டாம் அச்சு' என்று போட்டு, எந்தெந்த இடம் மாறியது என்ற பட்டியலைப் பாடபேதப் பகுதியின் கடைசியில் சேருங்கள்.